அன்றாட ஆங்கிலச் சொற்கள்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, மாங்குளம், மல்லாவிப் பக்கம் பெரியவர்களுக்குப் பின்னேரங்களில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அடிக்கடி காதில் விழுந்தவற்றை, கேட்டவர்களின் வாயில் வந்தபடியே கீழே எழுதி, எனக்குச் சரியென்று படும் பதிலையும் போட்டிருக்கிறேன். இலக்கணத்தை இங்கே அதிகம் தொடவில்லை. அன்றாடம் வேண்டிய சொற்களைப் பற்றித்தான் பேச்சு. இலகுவான கேள்விகள் முதலில், சிக்கலானவை பிறகு.

எனக்கு ஏபிசிடியைத் தவிர ஒண்டும் தெரியாது. எங்க இருந்து தொடங்கிறது?

ஒன்றும் தெரியாது என்பதை நான் ஏற்பதில்லை. பஸ், லைற், சுவிச், சைக்கிள், செயின், டியூப், பம்ப், டிக்கெட், டொக்டர், கிளினிக், வார்ட், பில், லோன் என்று ஒரு நாளில் உங்கள் வாயில் வரும் ஆங்கிலச் சொற்களை எழுதிப் பாருங்கள். மிதிவெடி இருந்த காணிகளின் ஓரத்தில் மண்டையோடு போட்டு நட்டிருந்த சிவப்புப் பலகையில் 'டேஞ்சர்' என்பதை எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகமுன்பே அடையாளம் கண்டிருக்கிறார்கள். கொப்பியின் முதல் பக்கங்களில் இந்தச் சொற்கள்தான் ஏற வேண்டும். கருத்து ஏற்கெனவே தெரியும். எழுத்தும் உச்சரிப்பும் பழகினால் சரி.

அடுத்தது வளவுக்குள் கண்ணில் படுபவை. கடையில் விற்கும் சொற்பட்டியல்கள் அப்பிளில் தொடங்கி ஸீப்ராவில் முடியும். எங்கள் வளவில் இரண்டும் இல்லை. கிணறு வெல், வாளி பக்கெட், கயிறு ரோப், வேலி ஃபென்ஸ், ஏணி லாடர், விறகு ஃபயர்வூட். தண்ணி அள்ளும்போது 'பக்கெட்', 'ரோப்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தினமும் கை படும் பொருளின் பெயர் தினமும் நினைவுக்கு வரும். நான் வேறு எதைச் சொல்லாமல் விட்டாலும் இதை விடமாட்டேன்: உங்கள் நாளுக்குள் இருக்கும் சொல்லைத்தான் முதலில் பழக வேண்டும்.

அலுமாரி, சப்பாத்து, கதிரை எல்லாம் இங்கிலீஷ் தானே? அதையும் பட்டியலில போடலாமோ?

இல்லை, அவை போர்த்துக்கேயச் சொற்கள். மேசை, ஜன்னல், பாண், பேனை என்பனவும் அப்படியே. கந்தோர், கக்கூஸ், போஞ்சி ஆகியவை ஒல்லாந்தர் விட்டுப்போனவை. வெள்ளைக்காரன் கொண்டுவந்ததெல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து 'அல்மாரா' என்று இழுத்துச் சொன்னால் லண்டன்காரருக்கு விளங்காது. ஆங்கிலத்தில் கபேர்ட், ஷூ, செயார், டேபிள், விண்டோ, பிரெட், பென், ஒஃபிஸ், டொய்லெட், பீன்ஸ்.

எத்தினை சொல் தெரிஞ்சால் கதைக்கலாம்?

1930இல் சி. கே. ஒக்டன் என்பவர் 850 சொற்களை மட்டும் வைத்து ஓர் எளிய ஆங்கிலத்தை உருவாக்கிக் காட்டினார். வங்காளத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நடத்திய மைக்கேல் வெஸ்ட், 1953இல் அதிகம் புழங்கும் ஏறத்தாழ 2000 சொற்களைப் பட்டியலாக்கினார். சாதாரண எழுத்தில் வரும் நூறு சொற்களில் எண்பதளவு அந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடும். கோ, கோஸ், கோயிங், வென்ட், கோன் எல்லாவற்றையும் ஒரே குடும்பமாக எண்ணித்தான் இந்தக் கணக்கு.

ஆனால் எண்பது சொல் தெரிந்தால் எண்பது பங்கு விளங்கும் என்று எண்ண வேண்டாம். ஒரு செய்தியில் 'த', 'இஸ்', 'இன்' எல்லாம் தெரிந்து, வரட்சியைக் குறிக்கும் 'ட்ரௌட்' தெரியாவிட்டால் செய்தியே கையில் இல்லை. பத்திரிகையையும் நாவலையும் அகராதி இல்லாமல் வாசிக்க 8000 முதல் 9000 சொற்குடும்பம் வேண்டும் என்று போல் நேஷன் என்ற ஆய்வாளர் 2006இல் கணக்கிட்டார். அதைக் கேட்டுப் பயப்படத் தேவையில்லை. கடை, ஆஸ்பத்திரி, பஸ், வேலைத்தலம், வீட்டுக்கு வரும் விருந்தாளி: இவ்வளவுக்கும் உங்கள் வாழ்க்கையிலிருந்தே பொறுக்கிய எழுநூறு, எண்ணூறு சொல் நல்ல தொடக்கம்.

ஒரு நாளைக்கு அம்பது சொல் பாடமாக்கிறன். ரெண்டு நாளில எல்லாம் மறந்து போகுது. எனக்கு மூளை இல்லையோ?

மூளையில் ஒரு பிழையும் இல்லை. ஹேர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மன் அறிஞர், பொருளில்லாத அசைகளைத் தானே பாடமாக்கி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி முதல் நாளில்தான் வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது. ஆகவே ஒரே இருப்பில் ஐம்பது தடவை சொல்வதை விட, அன்று இரவு, மறுநாள் காலை, மூன்று நாள் கழித்து, ஒரு கிழமை கழித்து என்று விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பதுதான் நிற்கும். வேலைக்குப் போகிறவருக்கு நாளைக்கு ஐந்து சொல் போதும். பத்துக்கு மேல் வேண்டவே வேண்டாம்.

வகுப்பில் நாங்கள் செய்வது இது. பழைய கலண்டர் மட்டையைத் தீப்பெட்டி அளவில் வெட்டி, ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் ஆங்கிலமும் எழுதுகிறோம். சப்பாத்துப் பெட்டிக்குள் மூன்று அறை தடுத்து, புதிய மட்டைகளை முதல் அறையில் போடுகிறோம். முதல் அறை தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது கிழமைக்கு ஒருமுறை. தமிழ்ப் பக்கத்தை மட்டும் பார்த்து ஆங்கிலத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சரி என்றால் மட்டை அடுத்த அறைக்குப் போகும். பிழைத்தால் எந்த அறையில் இருந்தாலும் திரும்ப முதல் அறைக்கு. செபஸ்டியன் லைட்னர் 1972இல் பரப்பிய முறை இது. அவர் ஐந்து அறை வைத்தார். வீட்டுக்கு மூன்று தாராளம். இரண்டு பக்கத்தையும் மாறி மாறி வாசிப்பதைச் செய்யாதீர்கள். அது தெரிந்த மாதிரி ஒரு நினைப்பைத்தான் தரும்.

சொல்லைத் தமிழில எழுதி வைச்சுப் பாடமாக்கினால் பிழையோ?

முதல் கிழமைகளில் பிழையில்லை. இந்தப் பக்கத்திலும் நான் அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் அதோடு நின்றுவிட்டால் சில இடங்களில் மாட்டிக்கொள்வீர்கள். தோளில் போடும் பையையும், முதுகையும், சாமான் கட்டுவதையும் குறிக்கும் மூன்று தனித்தனிச் சொற்களும் தமிழில் எழுதினால் 'பாக்' என்றே வரும். காது மூன்றையும் பிரித்துக் கேட்க வேண்டும்.

குடிக்கிற கோப்பியையும் எழுதுகிற கொப்பியையும் எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அவற்றை நெடிலும் குறிலும் வைத்துப் பிரிக்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டிலும் முதல் உயிர் குறில்தான். வித்தியாசம் நடுவில் இருக்கிறது. எழுதுகிற கொப்பிக்கு இரண்டு உதடும் மூடித் திறக்கும். குடிக்கிற கோப்பிக்கு மேற்பல் கீழுதட்டில் மெல்லப் பட, இடைவெளியால் காற்றுப் போகும். கண்ணாடிக்கு முன்னால் நின்று இரண்டையும் மாறி மாறிச் சொல்லிப் பாருங்கள். உதடு மூடுகிறதா இல்லையா என்று கண்ணே சொல்லும். அப்புறம் போனின் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றி, ஒலிவாங்கிப் படத்தை அழுத்திச் சொல்லுங்கள். போன் எந்தச் சொல்லை எழுதுகிறது என்று பார்த்தால், நீங்கள் சொன்னது எப்படிக் கேட்டது என்று விளங்கும்.

சொல்லுத் தெரியுது, ஆனா வசனமா வருகுதில்லை. ஏன்?

தனிச் சொல்லாகப் பாடமாக்கியதுதான் காரணம். ஆங்கிலத்தில் எந்தப் பெயர்ச்சொல் எந்த வினையோடு வரும் என்பது தமிழைப் போல இருக்காது. நாங்கள் லைற்றைப் போடுகிறோம், நூர்க்கிறோம். ஆங்கிலத்தில் 'டேர்ண் ஒன்', 'டேர்ண் ஓஃப்'. 'புட் த லைற்' என்றால் விளக்கை எங்கேயோ கொண்டுபோய் வைக்கச் சொல்வதாகவே விளங்கும். மருந்தை நாங்கள் குடிக்கிறோம்; அவர்கள் 'டேக்' பண்ணுகிறார்கள். ஆகவே மட்டையில் 'மெடிசின்' என்று மட்டும் எழுதாமல் 'டேக் த மெடிசின்' என்று சேர்த்தே எழுதுங்கள். 'கச் த பஸ்', 'மேக் டீ', 'வோஷ் த டிஷஸ்' எல்லாம் அப்படியே.

இன்னொரு பெரிய இடறல் 'எனக்கு'. எனக்குப் பசிக்குது, எனக்குக் காய்ச்சல், எனக்குத் தெரியும் என்று தமிழில் மூன்றும் ஒரே மாதிரித் தொடங்குகின்றன. உடனே 'டு மி' என்று வாய் போகும். ஆங்கிலத்தில் மூன்றும் மூன்று வழி: 'ஐ ஆம் ஹங்ரி', 'ஐ ஹாவ் எ ஃபீவர்', 'ஐ நோ'. நித்திரை வருது, தாகமாயிருக்கு, களைப்பாயிருக்கு என்பவை முதல் வழி: ஐ ஆம் ஸ்லீப்பி, ஐ ஆம் தேர்ஸ்டி, ஐ ஆம் டயர்ட். தலையிடி, தடிமன், இருமல் இரண்டாவது வழி: ஐ ஹாவ் எ ஹெட்ஏக், ஐ ஹாவ் எ கோல்ட், ஐ ஹாவ் எ கோஃப். விளங்குது, ஞாபகமிருக்கு, விருப்பம் மூன்றாவது: ஐ அண்டர்ஸ்டாண்ட், ஐ ரிமெம்பர், ஐ லைக் இட். கொப்பியில் மூன்று நிரல் போட்டு, புதிதாக வரும் ஒவ்வொரு 'எனக்கு'வையும் உரிய நிரலில் எழுதுங்கள். என் வகுப்பில் பேச்சை அவிழ்த்துவிட்டதில் இதற்கு இணையான பயிற்சி வேறில்லை.

'பார்' எண்டதுக்கு மூண்டு சொல்லு சொல்லினம். எதைப் பாவிக்கிறது?

கண்ணில் தற்செயலாகப் பட்டால் 'சீ'. வேண்டுமென்று திரும்பிப் பார்த்தால் 'லுக் அட்'. அசைகிற ஒன்றை நேரமெடுத்துப் பார்த்தால் 'வொச்': ரீவி, கிரிக்கெட், நாங்கள் வரம்பில் நின்று பார்க்கும் மாடு.

இரவல் வாங்குவதற்கு 'பொரோ', கொடுப்பதற்கு 'லெண்ட்'. 'லெண்ட் மி யுவர் பைசிக்கிள்' என்றால் எனக்குத் தா. 'குட் ஐ பொரோ யுவர் பைசிக்கிள்?' என்றால் நான் வாங்கலாமா. இப்படி மாறிப்போகும் சோடிகளை ஒரே நாளில் சேர்த்துப் படிக்க வேண்டாம். ஒன்று நன்றாக ஊறிய பிறகு மற்றதை எடுங்கள். சேர்த்துப் படித்தால் எது எது என்ற குழப்பம் நீண்ட நாள் போகாது.

நீங்கள், நீர், நீ எல்லாத்துக்கும் 'யு' தானோ? பெரியாக்களோட மரியாதையில்லாமல் இராதோ?

'யு' ஒன்றுதான். மரியாதை வேறு இடத்தில் இருக்கிறது. 'கிவ் மி எ பென்' என்பது பெரியவர் காதில் 'பேனையைத் தா' என்று விழும். 'குட் ஐ ஹாவ் எ பென், ப்ளீஸ்?' என்றால் 'பேனை ஒருக்காத் தருவீங்களா'. கட்டளையைக் கேள்வியாக்கி, முன்னால் 'குட்' போட்டு, பின்னால் 'ப்ளீஸ்' சேர்த்தால் நாங்கள் 'ங்கள்' போட்டுக் கதைத்த மாதிரி. அதோடு, சின்னச் சின்ன உதவிக்கும் 'தாங்க் யு' சொல்வது அவர்கள் வழக்கம். எங்களுக்குள் ஒரு சிரிப்போடு முடிவதை அங்கே சொல்லியே ஆக வேண்டும்.

லண்டனில இருந்து பேரப்பிள்ளையள் லீவுக்கு வருகுதுகள். தமிழ் குறைவு. அதுகளோட கதைக்க என்னத்தைப் பழகிறது?

இந்தக் கேள்வியைக் கேட்கும் அம்மம்மாமாருக்காகவே பின்னேர வகுப்பைத் தொடர்ந்து நடத்த வேண்டும் என்று தோன்றும். சாப்பாடு, நித்திரை, குளிப்பு, விளையாட்டு, வெய்யில், நுளம்பு: இந்த ஆறைச் சுற்றியே பிள்ளைகளுடனான பேச்சு போகும். 'ஆர் யு ஹங்ரி?', 'டு யு வோண்ட் சம் மோர்?', 'இஸ் இட் டூ ஸ்பைஸி?', 'மைண்ட் த மொஸ்கிட்டோஸ்', 'கம் அண்ட் சிட் வித் மி'. முறைகளில் ஒரு சங்கடம் உண்டு. சித்தப்பா, பெரியப்பா, மாமா மூவரும் அங்கே 'அங்கிள்'. மாமா, மாமியின் பிள்ளைகளான மச்சானும் மச்சாளும் 'கஸின்'. பெறாமகளும், மகன் கட்டியவர் அல்லாத மற்ற மருமகளும் 'நீஸ்'. எங்கள் முறைச்சொற்களைத் தமிழிலேயே பிள்ளைக்குப் பழக்கிவிடுவதுதான் என் விருப்பம்.

அவர்கள் கதைப்பது விளங்காமல் போவதற்குச் சொல் தெரியாதது மட்டும் காரணமல்ல. லண்டன் பிள்ளைகள் பலர் 'வோட்டர்' என்பதில் நடு எழுத்தைத் தொண்டையில் விழுங்கிவிடுவார்கள். 'சொரி, குட் யு சே தட் அகெய்ன், ஸ்லோலி?' என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள். ஒரு கிழமையில் காது பழகிவிடும்.

இரணைமடுவில 'டாங்க்' எண்டு போர்ட் இருக்கு. வெளிநாட்டுப் பிள்ளை 'லேக்' எண்டு சொல்லுது. எது சரி?

பலகையில் இருப்பது சரியான இலங்கை ஆங்கிலம். நீர்ப்பாசனக் குளத்தை 'டாங்க்' என்பது இங்கேயும் இந்தியாவிலும் பழைய வழக்கம். வெளியில் அந்தச் சொல்லைக் கேட்டால் தண்ணித் தொட்டியோ யுத்த டாங்கியோதான் மனதில் வரும். வன்னியில் வைத்து அப்படி விளங்கினால் பேச்சு எங்கேயோ போய்விடும். வெளிநாட்டவரிடம் 'ரெசர்வோயர்' என்று சொல்லுங்கள். 'பஸ் ஹோல்ட்' இங்கே. லண்டனில் 'பஸ் ஸ்டொப்'. 'த்ரீவீலர்', 'ஷோர்ட் ஈட்ஸ்' இவையும் இலங்கைக்குரியவை. பிழை என்று எவராவது திருத்தினால் தலை குனியத் தேவையில்லை. யாரோடு கதைக்கிறோம் என்று பார்த்து மாற்றினால் போதும்.

வயல் சொற்களில் இன்னும் சுவை உண்டு. எங்களுக்கு நெல், அரிசி, சோறு மூன்றும் வேறு. ஆங்கிலத்தில் அரிசியும் சோறும் 'ரைஸ்'. நெல்லுக்கு மலாய் மொழியிலிருந்து எடுத்த 'பாடி' என்ற சொல். மண்வெட்டியோ தமிழிலிருந்தே இலங்கை ஆங்கிலத்துக்குள் 'மமொட்டி' என்று போய்விட்டது. வெளிநாட்டவருக்கு அதை 'ஹோ' என்று சொன்னால் ஓரளவு விளங்கும்.

பாங்கில ஃபோம் தந்தால் கை நடுங்குது. ஆரையும் கேட்கவும் வெட்கம்.

படிவத்தில் திரும்பத் திரும்ப வருபவை இருபது சொல்லுக்குள்தான். 'நேம் வித் இனிஷியல்ஸ்' என்றால் முதலெழுத்துகளோடு பெயர், 'ஃபுல் நேம்' முழுப்பெயர், 'பெர்மனண்ட் அட்ரெஸ்' நிரந்தர முகவரி, 'டேட் ஒஃப் பேர்த்' பிறந்த திகதி, 'ஒக்குபேஷன்' தொழில், 'மெரிட்டல் ஸ்டேட்டஸ்' திருமணமானவரா என்பது, 'சிக்னேச்சர்' கையொப்பம். 'பிளொக் கபிட்டல்ஸ்' என்று இருந்தால் எல்லாம் பெரிய எழுத்தில். பெயரை அடையாள அட்டையில் உள்ள எழுத்துப்படியே எழுதுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பின்னால் அலைச்சல். இரண்டு வெற்றுப் படிவம் கேட்டு வாங்கி, வீட்டில் பென்சிலால் நிரப்பிப் பழகுங்கள்.

அதோடு, சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகள். ஆங்கிலம் இணைப்பு மொழி. அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் இப்படித்தான் சொல்கிறது. அரச அலுவலகத்தில் தமிழ்ப் படிவம் கேட்பது உங்கள் உரிமை.

வயசு நாப்பதுக்கு மேல. இடப்பெயர்வில பள்ளிக்கூடம் விட்டுப்போச்சு. இனி ஏறுமோ?

ஏறும். 2008, 2009இல் ஊர் ஊராக ஓடி, செட்டிகுளம் முகாம்களில் இருந்து திரும்பியவர்கள் இழந்த வகுப்புகளை நினைத்தால் நெஞ்சு கனக்கும். அது உங்கள் குற்றமல்ல. சின்னப் பிள்ளைக்கு உச்சரிப்பு இலகுவாகப் படியும் என்பது உண்மை. ஆனால் கருத்துத் தெரிந்த பெரியவருக்குப் புதுச்சொல்லைப் பொருளோடு பிடித்துக்கொள்வது இலகு. லோன், இன்ஷூரன்ஸ், பிரஷர் என்றால் என்னவென்று பிள்ளைக்கு விளக்க வேண்டும்; உங்களுக்கு வேண்டாம்.

புத்தகத்துக்குக் காசு தேவையில்லை. பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் பாடமாகத் தரம் 3இல் தொடங்குகிறது; அரசு இலவசமாகத் தரும் பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் எடுக்கலாம். தரம் 3 தொடங்கி 6 வரை ஒழுங்காகப் போங்கள். பிள்ளையின் புத்தகத்தைத் தாய் படிப்பதில் ஒரு குறையும் இல்லை. பிள்ளையையே மட்டைப் பெட்டியிலிருந்து கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இரண்டு பேரும் படித்துவிடுவீர்கள்.

நான் கதைச்சால் சிரிக்கினம். அதால வாயே திறக்கிறேல்லை.

இந்த வலி எங்களுக்கு மட்டும் உரியதல்ல. தெற்கில் சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு வைத்த பெயரே 'கடுவ', அதாவது வாள். சிரிக்கிறவர் முன்னால் பழக வேண்டாம். சிரிக்காத ஒருவரைத் தேடி, தினமும் பத்து நிமிடம் ஒரே விடயத்தைக் கதையுங்கள்: இன்று என்ன சமைத்தது, நாளை என்ன வேலை. ஒரே விடயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால்தான் சொற்கள் யோசிக்காமல் வரும். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் பஸ்ஸில் பக்கத்தில் இருந்து இப்படியே பழகினார்கள். இப்போது மேற்பார்வையாளரிடம் நேரே கதைக்கிறார்கள்.

மகன் அறிவியல் நகர் கம்பஸுக்கு எடுபட்டிருக்கிறான். அங்க முழுக்க இங்கிலீஷ். இந்தச் சொல்லுகள் காணுமோ?

காணாது. ஆனால் இவை இல்லாமல் அடுத்த படி இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருக்கின்றன. வவுனியாவில் 2021இல் தனிப் பல்கலைக்கழகமே வந்துவிட்டது. விரிவுரைக்கு வேண்டிய சொற்கள் வேறு வகை. 'அனலைஸ்', 'எஸ்டிமேட்', 'சிக்னிஃபிகண்ட்', 'அஸ்யூம்' போல எல்லாத் துறைக்கும் பொதுவான 570 சொற்குடும்பங்களை அவெரில் கொக்ஸ்ஹெட் 2000இல் பட்டியலாக்கினார். அது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

முடிவு வந்து வகுப்புத் தொடங்கும்வரை கிடைக்கும் மாதங்களை அந்தப் பட்டியலுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். நாளைக்குப் பத்துப்படி, மேலே சொன்ன மட்டைப் பெட்டியோடு. உயர்தரத்தில் தமிழில் படித்த பாடக் கொப்பியைத் திறந்து, ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் பக்கத்தில் ஆங்கிலத்தை எழுதிக்கொண்டு போகட்டும்: விசை ஃபோர்ஸ், வேகம் வெலோசிட்டி, அமுக்கம் பிரெஷர், ஒளித்தொகுப்பு ஃபோட்டோசிந்தெசிஸ். பாடம் அவனுக்குத் தெரியும். விரிவுரையாளர் 'பிரெஷர்' என்றதும் 'அமுக்கம்' மனதில் வந்துவிட்டால் மிச்சத்தை அவனே பிடித்துக்கொள்வான்.